காலி நாற்காலிகளும் நாட்டு ஒற்றுமையும்

தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் செங்கோட்டை, 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்த ஊர். மறுநாள், நவம்பர் 1 அன்று, மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அதே நாளில் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திடமே இருந்துவிட்டன.

அந்த மாற்றம் எளிதில் வந்ததன்று. நேரு, படேல், பட்டாபி சீதாராமையா ஆகியோரைக் கொண்ட காங்கிரஸ் குழு, மொழிவழி மாநிலங்களுக்கு இது தக்க காலமன்று என்றே 1949-இல் கூறியது. நாட்டுப் பிரிவினையின் குருதி உலராத நாள்கள் அவை. மொழிவாரியாக எல்லை வகுத்தால் நாடு இன்னும் சிதறும் என்ற அச்சம் தலைவர்களுக்கு இருந்தது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாநோன்பில் உயிர்நீத்தபின்தான் ஆந்திரம் பிறந்தது. தென் திருவிதாங்கூரில் 1954 ஆகஸ்ட் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் தமிழர்கள் உயிரிழந்தனர். இறுதியில் வரையப்பட்ட எல்லைக்கோடு எந்தத் தரப்புக்கும் முழு நிறைவு தரவில்லை.

ஆனால், அஞ்சியது நிகழவில்லை. நான் வாழும் புளியங்குடியிலிருந்து செங்கோட்டை ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவு. எங்கள் ஊர்ச் சந்தையின் எலுமிச்சை மூட்டைகள் அந்த வழியாகத்தான் புளியரையைக் கடந்து கேரளத்துக்குப் போகின்றன. முல்லைப் பெரியாற்று நீருக்காக இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில் வாதாடுகின்றன. எந்தப் பக்கத்திலும் நாட்டை விட்டுப் பிரிவோம் என்ற குரல் எழவில்லை. மொழிக்கும் வட்டாரத்துக்கும் உரிய அதிகாரம் கிடைத்ததால், பூசல்கள் அரசமைப்பின் எல்லைக்குள் நின்றன.

அதே 1956-இல் பாக் நீரிணைக்கு அப்பால் நேர்மாறான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசு, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தை நிறைவேற்றியது. இலங்கையின் அதிகாரப் பகிர்வு இன்று எந்த நிலையில் இருக்கிறது, அதிலிருந்து நாம் எதைக் கற்க வேண்டும் என்பதை இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நல்லது என்று கருதுகிறேன்.

இரண்டு கட்சிகள், இரண்டு திசைகள்

1949-இல் தமிழர்களிடையே இரண்டு கட்சிகள் தோன்றின. செப்டம்பரில் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம். டிசம்பரில் இலங்கையில் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி. முன்னது தனித் திராவிட நாடு கேட்டது. பின்னது பிரிவினை கேட்கவில்லை. ஒரே நாட்டுக்குள் கூட்டாட்சிதான் கேட்டது. அன்று இரண்டையும் ஒப்பிட்ட ஒருவர், எந்த நாட்டின் ஒற்றுமைக்கு ஆபத்து அதிகம் என்று கேட்கப்பட்டிருந்தால், இந்தியாவைத்தான் சுட்டியிருப்பார்.

நடந்ததோ வேறு. 1963-இல் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. சீனப் போரும், பிரிவினைப் பிரசாரத்துக்குத் தடைவிதிக்க வழிசெய்த பதினாறாவது அரசமைப்புத் திருத்தமும் அதற்குக் காரணங்கள் என்பது உண்மை. ஆனால், அவை மட்டுமே காரணம் என்றால் அந்த உணர்வு தலைமறைவு இயக்கமாக மாறியிருக்கும். அப்படி மாறாமல் போனதற்கு, சட்டமன்றம் என்ற வாயில் திறந்திருந்ததே முதன்மையான காரணம். 1967-இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1969-இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. காவல், நிலம், கல்வி ஆகியவை அன்று மாநிலத்தின் பட்டியலில் இருந்தன. கேட்டதில் பெரும்பகுதியைச் செய்துகாட்டும் வாய்ப்பு, தேர்தல் வழியே கைக்கு வந்தது.

இலங்கையில் தமிழரசுக் கட்சி 1957 ஜூலையில் பண்டாரநாயக்கவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. பிரதேச சபைகள் அமைப்பதாக அதில் உறுதி கூறப்பட்டது. பௌத்தத் துறவிகளின் எதிர்ப்புக்குப் பணிந்து 1958 ஏப்ரலில் பிரதமரே அதைக் கைவிட்டார். 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்கவுடன் மற்றோர் ஒப்பந்தம். மாவட்ட சபைகள் என்ற அந்த வாக்குறுதியும் நிறைவேறவில்லை. 1972-இன் அரசமைப்பு, நாட்டை ஒற்றையாட்சி என்று எழுதிவைத்தது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று எதிர்க்கட்சியானது.

பிரிவினை கேட்ட கட்சி மாநிலத்தை ஆளும் கட்சியாயிற்று. கூட்டாட்சி கேட்ட கட்சி பிரிவினைக்கு வந்து சேர்ந்தது. இலங்கையும் 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தத்தின் மூலம் பிரிவினைவாதத்தைத் தடைசெய்தது. அதன்படி உறுதிமொழி எடுக்க மறுத்த கூட்டணியின் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இடமிழந்தனர். இந்தியத் தடை வந்தபோது மாநில ஆட்சிக்கான வழி திறந்திருந்தது. இலங்கையின் தடை வந்தபோது, எஞ்சியிருந்த ஒரே மேடையும் பறிபோயிற்று. மேடையை இழந்த அரசியலின் இடத்தை ஆயுதங்கள் நிரப்பின.

பறித்ததன்று, காலியாக்கியது

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விளைவாக, அந்த ஆண்டு நவம்பரில் பதின்மூன்றாவது திருத்தம் இலங்கை அரசமைப்பில் சேர்ந்தது. மாகாண சபைகள் பிறந்தன. நம் சட்டமன்றங்களோடு ஒப்பிட்டால் அவற்றின் அதிகாரம் சிறியது. நாடு ஒற்றையாட்சியாகவே தொடர்ந்தது. நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் இருந்தது. காவல் அதிகாரம் காகிதத்திலேயே தங்கிவிட்டது. நிலத்துக்காக அமைக்கப்பட வேண்டிய தேசிய ஆணைக்குழு செயல்வடிவம் பெறவில்லை.

கொடுத்ததையும் மத்திய அரசு ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டது. 1992-இல் ஒரு சட்டத்தின் மூலம் பிரதேச செயலாளர்கள் மத்திய அரசின் கீழ் கொண்டுவரப்பட்டனர். பள்ளிகள் தேசியப் பாடசாலைகள் என்ற பெயரில் மாகாணத்தின் கையிலிருந்து போயின. 2006-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்டன. போர் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2013 செப்டம்பரில்தான் வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. மொத்தம் 38 இடங்களில் 30 இடங்களைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். தீர்மானங்கள் நிறைய, நியதிச்சட்டங்கள் குறைவு என்ற விமர்சனம் அந்தச் சபைமீது உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனாலும், தவறு செய்த முதலமைச்சரைத் தேர்தலில் மாற்றலாம் என்ற வாய்ப்பு அம்மக்களுக்கு இருந்தது.

அந்த வாய்ப்பு மறைந்த விதம் கவனிக்கத்தக்கது. பதின்மூன்றாவது திருத்தத்தை எவரும் நீக்கவில்லை. 2017-இல் மாகாணத் தேர்தல் முறையை மாற்றும் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அதை ஆதரித்தது. பழைய விகிதாசார முறை போய், தொகுதிகளையும் விகிதாசாரத்தையும் கலந்த முறை வந்தது. அதற்குத் தொகுதி எல்லைகளை வகுக்க வேண்டும். வகுத்த அறிக்கை 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்தனர், ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அதை முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அடுத்து, பிரதமர் தலைமையில் அமைந்த மீளாய்வுக் குழு தன் பணியை முடிக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை, ஆகவே தேர்தல் இல்லை என்றாயிற்று.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டம்பரிலும், வடக்கின் பதவிக்காலம் 2018 அக்டோபரிலும் முடிந்தன. 2019 அக்டோபரில் ஊவா மாகாண சபையும் கலைந்தபோது, ஒன்பது மாகாணங்களில் ஒன்றில்கூட தேர்ந்தெடுக்கப்பட்ட சபை எஞ்சவில்லை. ஆளுநர்களும் அதிகாரிகளும் ஆள்கிறார்கள். கட்டடங்கள் இருக்கின்றன, ஊழியர்கள் இருக்கிறார்கள், உறுப்பினர் நாற்காலிகள் மட்டும் காலி. ஓர் உரிமையைச் சட்டத்தால் பறித்தால் ஊர் கேட்கும், உலகம் கேட்கும். ஆளில்லாமல் விட்டுவிட்டால் கேட்பார் குறைவு.

இதில் இழந்தவர்கள் தமிழர்கள் மட்டும் அல்லர். ஒன்பதில் ஏழு மாகாணங்கள் சிங்களவர் பெரும்பான்மையாக வாழ்பவை. காலியிலும் கண்டியிலும் பதுளையிலும் தம் மாகாணப் பள்ளி, மருத்துவமனை, சாலை பற்றிக் கேட்க அவர்களுக்கும் ஓர் உறுப்பினர் இல்லை.

ஆளில்லாத வீட்டில் கையெழுத்து

காலி நாற்காலியால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு சான்று உண்டு. 2012-இல் மகிந்த ராஜபக்ச அரசு 'திவிநெகும' என்ற மசோதாவைக் கொண்டுவந்தது. மாகாணங்களின் பொறுப்பில் இருந்த வாழ்வாதாரப் பணிகள் பலவற்றை மத்திய அமைச்சகத்தின் கீழ் கொண்டுசெல்வது அதன் நோக்கம். மாகாணப் பட்டியலில் உள்ள பொருள் பற்றிய மசோதாவை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அரசமைப்பு கூறுகிறது. வடக்கில் அன்று சபை இல்லை. ஆளுநர் சம்மதம் கொடுத்துவிட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் இடத்தில் நின்று ஆளுநர் கருத்துக் கூற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்த நாள்களிலேயே தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்கமீது நாடாளுமன்றத்தில் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவரப்பட்டு, 2013 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார்.

இதை இலங்கையின் குறை என்று மட்டும் சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. 2019 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரின் சிறப்பு நிலை நீக்கப்பட்டு, மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டபோது அங்கே சட்டமன்றம் இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. மாநில அரசின் இசைவு ஆளுநரிடமிருந்தும், சட்டமன்றத்தின் கருத்து நாடாளுமன்றத்திடமிருந்தும் பெறப்பட்டன. சிறப்பு நிலை நீக்கத்தை 2023 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அம்முடிவு சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆளில்லாத வீட்டில் வீட்டுக்காரரின் கையெழுத்தைப் பிறர் போடும் முறை ஒரு மாநிலத்தோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி இல்லை என்பதே என் கவலை.

நம் வீட்டுக் கணக்கு

தமிழ்நாட்டிலேயும் காலி நாற்காலிகளின் வரலாறு ஒன்று இருக்கிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்த தேர்தல் நீதிமன்றத்தால் ரத்தாயிற்று. இட ஒதுக்கீட்டில் வழக்கு, வார்டு மறுவரையறையில் தாமதம் என்று காரணங்கள் நீண்டன. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், புதிதாகப் பிரிந்த மாவட்டங்கள் விலக்கி வைக்கப்பட்டன. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது. அதனால் எங்களுக்கு ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் வந்தது. புளியங்குடி உள்ளிட்ட நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் நகரங்களைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தனர்.

குடிநீர் வந்தது, குப்பை அள்ளப்பட்டது, வரி வசூலானது. அலுவலர்கள் பணி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால், எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எந்தக் குளக்கரைக்கு மதில் என்ற கேள்விகளுக்கு ஊர் மக்களிடம் விடை சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை என்பதால் நிதிக்குழுவின் மானியத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. இத்தனைக்கும், பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்கள் கட்டளையிடுகின்றன. அந்தக் கட்டளையே தாமதத்தைத் தடுக்கவில்லை. 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊரகப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, அங்கே மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு அந்தக் கெடு 2026 அக்டோபர். நகரங்களுக்கு 2027-இன் தொடக்கம்.

டெல்லியிடம் மாநில உரிமை கேட்கும் கட்சிகள்தாம் இங்கு மாறி மாறி ஆண்டுள்ளன. கேட்கும் உரிமை நியாயமானது. அதே உரிமையை ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உரிய நாளில் கொடுக்கும்போது அந்தக் குரலுக்கு வலிமை கூடும். கொழும்பை நோக்கி மாகாணத் தேர்தலை நடத்துங்கள் என்று சொல்லும்போதும் அப்படித்தான்.

அச்சமும் அதற்கான விடையும்

அதிகாரத்தைப் பகிர்ந்தால் நாடு பிளவுபடும் என்ற சிங்களவரின் அச்சத்தை வெறும் இனவெறி என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒப்பந்தம் அயலாரின் அழுத்தத்தில் வந்தது. இந்தியப் படை மண்ணில் நின்றது. 1990 மார்ச்சில் வடகிழக்கு மாகாண முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் ஈழத்தை அறிவிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்துவிட்டு நாட்டை விட்டு வெளியேறியது அவர்கள் நினைவில் இருக்கிறது. முஸ்லிம்களுக்கும் தனி அச்சம் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து அவர்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். கிழக்கில் எந்த இனத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. அங்கே அதிகாரம் யாழ்ப்பாணத்திடம் போய்ச் சேருமோ என்று முஸ்லிம்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும், 2013 முதல் 2018 வரை வடக்கில் ஒரு சபை இயங்கியது. கடுஞ்சொற்கள் பேசப்பட்டன, மத்திய அரசோடு மோதல்கள் நடந்தன, நாடு பிரியவில்லை. பிரிவினைக் கோரிக்கை வளர்ந்த காலம், எந்தச் சபையும் இல்லாத 1950-களும் 60-களும் 70-களும் ஆகும். முஸ்லிம்களின் அச்சத்துக்கான விடையும் சபைக்குள்ளேதான் இருக்கிறது. ஆளுநர் ஆட்சியில் அவர்களுக்கும் தனிக் குரல் கிடைப்பதில்லை.

இன்று ஆட்சியில் இருக்கும் தேசிய மக்கள் சக்தியின் மையமான ஜே.வி.பி., 1987-இல் இதே ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய இயக்கம். வடகிழக்கு இணைப்பை முறிக்க வழக்குத் தொடுத்ததும் அந்த இயக்கத்தினரே. 2024 நவம்பரில் அக்கூட்டணி 225-இல் 159 இடங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் மூன்று இடங்கள் அதற்குக் கிடைத்தன. வடக்கின் தமிழர்கள் தெற்கின் கட்சி ஒன்றுக்கு இப்படி வாக்களித்தது, ஒரே நாட்டுக்குள் வாழும் விருப்பத்துக்குக் கிடைத்த அரிய சான்று. மாகாணத் தேர்தலை நடத்துவோம் என்பது அக்கட்சியின் தேர்தல் வாக்குறுதி. 2025 ஏப்ரலில் கொழும்பு சென்ற பிரதமர் மோடியும் அதை வலியுறுத்தினார். அடுத்த மாதம் அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நிதி இல்லை என்று 2023-இல் தள்ளிவைக்கப்பட்ட தேர்தல் அது. அந்தத் தாமதம் அடிப்படை உரிமை மீறல் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

மாகாணத் தேர்தலுக்கான தடையை நீக்குவதும் கடினமன்று. 2017-இன் மாற்றத்தை நிறுத்திவைத்துப் பழைய விகிதாசார முறையில் ஒரு முறை தேர்தல் நடத்தலாம் என்று சாதாரணப் பெரும்பான்மையில் திருத்தம் செய்தால் போதும். புதிய அரசமைப்பு பின்னர் வரட்டும். அதில் இரண்டு உறுதிகள் இடம்பெற வேண்டும். சபை கலைந்தபின் குறித்த நாள்களுக்குள் தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்பது ஒன்று. சபை இல்லாத காலத்தில் மாகாணத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் எந்தச் சட்டமும் செய்யலாகாது என்பது மற்றொன்று. இவை இல்லாமல் எத்தனை பட்டியல்கள் எழுதினாலும், அதிகாரம் கொடுத்தவரின் மனநிலைக்கு ஏற்பவே இருக்கும்.

இந்த இரண்டு உறுதிகளும் நமக்கும் வேண்டியவையே. தென்காசி மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடியும் நாள் எல்லோருக்கும் தெரிந்த நாள். வார்டு எல்லைகளையும் இட ஒதுக்கீட்டையும் அதற்கு ஓராண்டுக்கு முன்பே முடித்துவிட்டால் எந்த வழக்கும் தேர்தலைத் தடுக்கப் போவதில்லை. அதைக் கேட்பது எந்தக் கட்சியின் வேலை என்று காத்திராமல், ஊர்தோறும் வாக்காளர்கள் கேட்க வேண்டும்.